வாவிக்கு ஒரு பட்டப்படிப்பு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் குருக்கள்மடத்தைத் தாண்டியதும் வரும் செட்டிபாளையம், கிழக்கே வங்காள விரிகுடாவும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருக்கிப் பிடித்திருக்கும் ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த ஊர்களுள் ஒன்றாகும். கடலை ஒட்டிய இந்நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் மேற்கே வயலும் குளமுமாக விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குகின்றனர். ஒரே குடும்பத்துக்கு எழுவான்கரையில் வீடும் கிணற்றடித் தோட்டமும், படுவான்கரையில் வயலும் இருப்பதும், அதே குடும்பத்தில் ஒருவர் வாவியில் தோணி விடுவதும் அங்கே புதுமையல்ல. ஆயினும் இவ்வூரின் மகா வித்தியாலயத்தில் கற்று, நகருக்கு வடக்கே வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஒரு மாணவி, தான் பிறந்து வளர்ந்த நீர்நிலையை அங்கே துண்டு துண்டாகவே சந்திப்பாள். மீன் விலங்கியலுக்கு, கண்டல் தாவரவியலுக்கு, வயல் விவசாயத்துக்கு, மணற்றிட்டு புவியியலுக்கு, கண்ணகி வழக்குரையும் கூத்தும் கலைத்துறைகளுக்கு என்று வாவி பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பங்குகளை ஒன்றாகக் கூட்டி, வாவியையே நடுப்பொருளாகக் கொண்ட நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஒன்றைக் கிழக்குப் பல்கலைக்கழகம் முன்மொழிவது தகும் என்பதும், அம்முன்மொழிவின் மெய்யான சிக்கல் பாடத்திட்டத்தில் அல்லாமல் கற்பிக்கத் தகுதியானவர் யார் என்ற விதியில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இத்தகைய முன்மொழிவுக்கான முன்னுதாரணத்தை அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே காணலாம். 1981 ஆகஸ்ட் 1 அன்று வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக அது தொடங்கியபோது விஞ்ஞானமும் விவசாயமுமே அங்கிருந்தன. 1986 ஒக்டோபர் 1 அன்று அது தனிப் பல்கலைக்கழகமாகியது. வணிக முகாமைத்துவமும் கலை கலாசாரமும் அதன்பின் பீடங்களாகச் சேர்ந்தன. நெல் விளையும் மாவட்டத்தில் விவசாயம் முதற்பீடங்களுள் ஒன்றாக அமைந்ததில் வியப்பில்லை. கூர்ந்து நோக்கத்தக்கது, அதே காலத்தில், 1982இல், கல்லடியில் விபுலாநந்தரின் பெயரால் தொடங்கப்பட்ட இசை நடனக் கல்லூரியின் வளர்ச்சியாகும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லாத கலைக்கூடமாகப் பிறந்த அது, 2000களின் முற்பகுதியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்ற பெயருடன் இசை, நடனம், நாடகம், காண்பியக் கலை ஆகியவற்றில் பட்டம் வழங்கும் இடமாகியது. அதாவது, முதலில் கற்பித்தல் நடந்தது. கற்பித்தவரும் கற்றவரும் கண்ணுக்குத் தெரிந்தனர். பட்டம் இருபது ஆண்டுகள் கழித்து வந்தது. புதிய கற்கைநெறி பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வரிசையில், படிவத்தில் தொடங்கிப் படிவத்திலேயே முடிவதைக் காணும்போது, இந்த வரிசையை நினைவூட்டுவது தேவையாகிறது.

அந்நிறுவகம் தாங்கும் பெயருக்குரியவர் இவ்விடத்தில் அலங்காரத்துக்காக அழைக்கப்படுபவர் அல்லர். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கியவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியேற்றவர். 1947இல், அவர் மறைவதற்குச் சில வாரங்கள் முன்னர் அரங்கேறிய யாழ்நூல், இசையின் சுருதிகளைக் கணிதத்தால் அளக்கும் ஆராய்ச்சியாக இருப்பதோடு, மட்டக்களப்பு வாவியில் நிலவொளியில் கேட்கும் நீரொலியையும், மக்கள் பாடும் மீன் என்று சொல்லும் அந்தப் புதிரையும் தன் கற்பனைக்குள் இழுத்துக்கொள்கிறது. பௌதிகமும் தமிழும் வாவியும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது. பல்கலைக்கழக அனுமதிக்கான இன்றைய இசட் புள்ளி முறையில் அவர் விண்ணப்பித்திருந்தால் எந்தப் பீடத்துக்கு அனுப்பப்பட்டிருப்பார் என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது.

ஊரின் அறிவு பட்டமாக மாறும்போது எது உள்ளே வருகிறது, எது வாசலில் நின்றுவிடுகிறது என்பதைக் கூத்தின் கதை மிகத் தெளிவாகக் காட்டும். மட்டக்களப்பின் கூத்து வடமோடி, தென்மோடி என்று இரு மரபுகளாக வழங்குவது. போரும் வீரமும் மேலோங்கும் இதிகாசக் கதைகள் பெரும்பாலும் வடமோடியிலும், பாட்டு நீண்டு இழையும் கதைகள் பெரும்பாலும் தென்மோடியிலும் ஆடப்படும். இதனைப் பயிற்றுபவர் அண்ணாவியார் எனப்படுவார். அவர் ஆட்களைத் தேர்ந்து, குரலையும் உடலையும் பார்த்துப் பாத்திரம் பகிர்ந்து, பாட்டுப் பகுதியைக் கையில் கொடுக்கும் தொடக்க நிகழ்வு சட்டங்கொடுத்தல். அதன்பின் மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. ஆட்டம் தேறியபின் சதங்கை அணிதல். முழுமையாக ஒருமுறை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இறுதியில் வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம். இந்த ஒழுங்கில் மாணவர் சேர்க்கை உண்டு, இடைக்காலத் தேர்வு உண்டு, இறுதித் தேர்வு உண்டு, அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஊரே உண்டு. இல்லாதது சான்றிதழ் ஒன்றுதான்.

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றியபோது, இரவு முழுவதும் நிகழ்ந்த கலை சில மணி நேர மேடை வடிவத்துக்குச் சுருக்கப்பட்டது. அதனால் நகரத்துப் பார்வையாளரும் புலமையாளரும் அதனை முதன்முறையாக மதிப்போடு நோக்கினர். அம்மேடைகளில் மாணவ நடிகராக ஆடிய மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே கலாநிதிப் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையின் பேராசிரியராகவும் கலை கலாசார பீடாதிபதியாகவும் பணியாற்றி, கூத்தைப் பாடத்திட்டத்துக்குள் நிலைநிறுத்தினார். இது ஒரு தலைமுறையின் சாதனை. இதைக் குறைத்துப் பேசுவோர் அதற்கு முன்னர் கூத்து எவ்வளவு இளக்காரமாகப் பார்க்கப்பட்டது என்பதை மறந்தவர்கள். எனினும் இதன் மறுபக்கத்தையும் மட்டக்களப்பிலேயே சிலர் எடுத்துரைத்துள்ளனர். சி. ஜெயசங்கர் போன்றோர் சீலாமுனை முதலான இடங்களில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தை ஊரிலிருந்து எடுத்து மேடைக்குக் கொண்டுசெல்லாமல், ஊர் மக்களுடனும் அண்ணாவிமாருடனும் கலந்து பேசி, ஊரின் களரியிலேயே அதனைப் புதுக்குவதை நோக்கமாகக் கொண்டது. இவ்விரு போக்குகளுக்கும் இடையிலான விவாதத்தில் வென்றவர் யார் என்று பார்ப்பதைவிட, அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்கு வரும்போது எந்தத் தகுதியில் வருகிறார் என்று பார்ப்பது பயன் தரும். பட்டமில்லாத அவர், பல்கலைக்கழக விதிகளின்படி, நிரந்தர விரிவுரையாளர் ஆக முடியாது. வளவாளராக, சிறப்பு விருந்தினராக, கௌரவிக்கப்படுபவராக வரலாம். பொன்னாடை கிடைக்கும், பொறுப்புக் கிடைக்காது.

இதே நிலை வாவியின் அறிவுக்கு வருமானால் விளைவு இன்னும் கடுமையானதாக இருக்கும், ஏனெனில் வாவியைப் பற்றிய முடிவுகள் மக்களின் அடுப்பை நேரடியாகத் தொடுபவை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி, நகருக்கு அருகே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கும். இக்கலப்பிடம் முகத்துவாரம் எனப்படுகிறது. மழையற்ற மாதங்களில் வாவியிலிருந்து வெளியேறும் நீரின் வேகம் குறைய, அலையும் கரையோர நீரோட்டமும் கொண்டுவந்து சேர்க்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டத் தொடங்கியதும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் பாசன நிலங்களிலிருந்து வடியும் நீரும் சேர்ந்து வாவி உயரும். படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் பெரும்போக நெல் மூழ்கத் தொடங்கும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று விவசாயிகள் கோருவர். வெட்டினால் நீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், நீர் விரைவில் வற்றிவிடும் என்று வாவி மீனவர் அஞ்சுவர். கடலிலிருந்து இறாற் குஞ்சுகள் உள்ளே வருவதற்கும் அதே வாயில்தான் வேண்டும் என்பதால், வெட்டவே கூடாது என்றும் சொல்ல முடியாது. எப்போது, எவ்வளவு அகலத்தில், எந்த இடத்தில் வெட்டுவது என்பது நீரியல் வினா, உயிரியல் வினா, பொருளியல் வினா, அதற்கும் மேலாக நீதி பற்றிய வினா. 2011 ஜனவரியின் பெருவெள்ளம் போன்ற ஒரு நிலையில் இவ்வினாக்களுக்கு ஒரே நாளில் விடை காண வேண்டியுள்ளது. நான்கு துறைகளையும் தொட்டுக் கற்ற ஒருவரை உருவாக்கும் பட்டம் இருந்தால் அந்த மேசையில் அமர அவருக்கு இடமுண்டு.

எழுவான்கரையின் கிணறு இதைவிட அமைதியான, ஆனால் அதேயளவு பாரதூரமான விடயமாகும். கடலின் உவர்நீருக்கும் வாவியின் உவர்நீருக்கும் நடுவே, மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தை நீரியலாளர் நன்னீர் வில்லை என்பர். செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை ஆகிய ஊர்களின் வெற்றிலைக் கொடியும் மிளகாயும் வெங்காயமும் குடிநீரும் இந்த வில்லையையே நம்பியுள்ளன. மணல் வழியாக நீர் எளிதில் இறங்குவதைப் போலவே இரசாயன உரத்தின் நைத்திரேற்றும் எளிதில் இறங்கும். மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். தோட்டக்காரர் ஒருவர் எந்த மாதத்தில் எந்தக் கிணறு கரிக்கும் என்பதை நாவால் அறிந்து வைத்திருக்கிறார். ஆய்வுகூடம் அதை மின்கடத்துதிறனால் அளக்கிறது. இரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுதிப் பல ஆண்டுகள் தொடர்வதே இத்துறையில் ஒரு பட்டப்படிப்பு செய்யத்தக்க முதற்பணி. அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நாட்டின் மற்றெந்தப் பல்கலைக்கழகத்தைவிடவும் இவ்வூர்களின் பிள்ளைகளைக் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு அது எளிது.

வாவியைத் தனித்துறையாகக் கற்பதால் பயனுண்டா என்று ஐயுறுவோர் ஒடிசாவின் சில்கா ஏரியை நோக்கலாம். மட்டக்களப்பு வாவியைவிடப் பல மடங்கு பெரிய அந்த உவர்நீர் ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, உப்புத்தன்மை குறைந்து, நீர்க்களைகள் பெருகி, மீன்பிடி வீழ்ந்தபோது, 1991இல் மாநில அரசு சில்கா அபிவிருத்தி அதிகாரசபையை அமைத்தது. நீரியல் மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்து, 2000 செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் ஒன்று வெட்டப்பட்டது, மீன்பிடி மீண்டது, அபாயத்திலுள்ள ஈரநிலங்களின் பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து 2002இல் சில்கா நீக்கப்பட்டது. ஆயினும் சில்காவின் வழியை அப்படியே மட்டக்களப்புக்குப் பெயர்த்து நடுவது பிழையாகும். அங்கே ஒருமுறை வெட்டி முடிவுகண்ட பணி, இங்கே மாரிதோறும் பேச்சுவார்த்தையாகத் திரும்பி வருவது.

இனி, முன்மொழிவு கடக்க வேண்டிய பாதை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் இயங்கும் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் புதிய கற்கைநெறி, துறையில் எழுதப்பட்டு, பீடச் சபையைக் கடந்து, கல்விசார் உச்ச அமைப்பாகிய மூதவையிலும், நிர்வாக உச்ச அமைப்பாகிய பேரவையிலும் ஏற்கப்பட்டு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். அங்கே வெளி மதிப்பீட்டாளர் பார்ப்பர், கேள்விகள் திரும்பி வரும், திருத்தம் போகும். இதெல்லாம் பொறுமையால் கடக்கக்கூடியது. பொறுமையால் மட்டும் கடக்க முடியாதது ஆளணி. புதிய விரிவுரையாளர் பதவிகளுக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் இணங்க வேண்டும். இணங்கிய பின்னும், தகுதிகாண் விரிவுரையாளராக வருபவர் உரிய துறையில் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சிறப்புப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். இதுவரை இல்லாத துறையில் உரிய பட்டம் யாரிடம் இருக்கும்? ஆகவே விலங்கியலாளரும் புவியியலாளரும் பொருளியலாளரும் தத்தம் துறையின் பங்கோடு வந்து அமர்வர், வாவி மறுபடியும் பங்கு பிரிக்கப்படும்.

இச்சிக்கலுக்கு வழி, பாட அலகுகளின் கணக்கிலேயே இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி சிறப்புப் பட்டத்துக்கு 120 கற்கை அலகுகள் வேண்டும். மாணவர் கிரெடிட் என்று சொல்லும் இந்த ஓர் அலகு, வகுப்பும் சுயகற்றலும் ஆய்வுகூடமும் சேர்ந்து 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். ஆக, மொத்தம் 6,000 மணி நேரம். சட்டகம் மணிகளைக் கேட்கிறதேயன்றி அவை நான்கு சுவருக்குள் கழிய வேண்டும் என்று கேட்கவில்லை. முதல் ஈராண்டுகளில் நீரியல், சூழலியல், புள்ளிவிவரவியல், சட்டம் ஆகிய அடித்தளங்களை வழமையான விரிவுரைகளாக வைத்து, மூன்றாம் ஆண்டில் ஒரு முழு மாரியையும் ஒரு முழுக் கோடையையும் குறித்த ஓர் ஊரில் கழிக்கும் களக்கற்கையை வைத்தால், அக்களக்கற்கைக்கு மதிப்பெண் இடுவதில் மீனவர் சங்கத்தின் மூத்தவருக்கும் வட்டவிதானைக்கும், அதாவது பாசன நீர்ப் பங்கீட்டை மேற்பார்க்கும் விவசாயப் பிரதிநிதிக்கும், எழுதப்பட்ட பங்கு கொடுக்கலாம். வலை விரிக்கும் இடத்தைத் தேர்ந்த காரணத்தை மாணவன் அவர்களுக்கு விளக்கட்டும். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் நீரின் நிறத்தையும் மடவை, கொடுவா, ஓரா ஆகிய மீன்களின் வரவையும் எப்படி மாற்றுகின்றன என்று அவர்கள் கேட்கட்டும். இந்த வாய்மொழித் தேர்வின் புள்ளி இறுதிப் பெறுபேற்றில் சேர வேண்டும். சேராவிட்டால் அது மற்றொரு சுற்றுலா.

அவ்வாறு செய்தால் தரம் தாழும் என்ற எதிர்ப்பு எழும். கேரளத்தில் வள்ளத்தோள் நாராயண மேனோன் முதலியோர் 1930இல் தொடங்கிய கலாமண்டலம், கதகளி ஆசான்களின் கையில் பல பத்தாண்டுகள் வளர்ந்து, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகியது. களரியில் கழித்த ஆண்டுகளே அங்கே ஆசானின் தகுதியாகக் கருதப்பட்டன, தரமும் தாழவில்லை. மேலும், மருத்துவ மாணவர் வைத்தியசாலையில் கற்பதையோ சட்ட மாணவர் மூத்த சட்டத்தரணியிடம் பழகுவதையோ எவரும் தரக்குறைவு என்று சொல்வதில்லை. மீனவரிடம் கற்பது மட்டும் ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது தரம் பற்றிய கேள்வியைவிடச் சமூகப் படிநிலை பற்றிய கேள்வியாகவே படுகிறது.

மாணவர் அனுமதியில் வேறொரு முடிச்சு உண்டு. உயர்தரத்தில் உயிரியல், பௌதிகம், கலை, வணிகம், தொழினுட்பம் என்று பிள்ளைகள் பதினாறு பதினேழு வயதிலேயே பிரிக்கப்படுகின்றனர். பல்கலைக்கழக அனுமதியும் அப்பிரிவுகளை ஒட்டியே நடக்கிறது. வாவிப் பட்டத்தை உயிரியற் பிரிவுக்கு மட்டும் திறந்தால், மருத்துவம் கிடைக்காதவர்கள் வேண்டா வெறுப்பாக வந்து சேரும் இடமாக அது மாறிவிடக்கூடும். கலைப் பிரிவில் புவியியல் கற்றவருக்கும், உயிர்முறைமைகள் தொழினுட்பம் கற்றவருக்கும் இடம் வைத்து, நுண்கலைப் பட்டங்களுக்கு நடத்துவதுபோல் உளச்சார்புத் தேர்வொன்றை வைப்பது நல்லது. மொழியைப் பொறுத்தவரை, விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலும் கலைப்பாடங்களைத் தமிழிலும் கற்பிக்கும் இன்றைய பிரிவினை இப்பட்டத்துக்கு உதவாது. அளவீடும் கட்டுரையும் ஆங்கிலத்தில் இருந்தாலும், களக்குறிப்பும் ஊருக்குக் கொடுக்கும் அறிக்கையும் தமிழிலேயே இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு பற்றிப் பூசி மெழுகுவதில் பொருளில்லை. 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் நடத்திய சத்தியாக்கிரகத்தைக் கண்ட ஊரில், இன்னொரு பட்டத்தை வரவேற்கப் பெற்றோர் தயங்குவது நியாயமே. மீன்பிடித் திணைக்களம், நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், நீர்ப்பாசனத் திணைக்களம், பிரதேச சபைகள் ஆகியவற்றின் ஆட்சேர்ப்புத் திட்டங்களில் இப்பட்டத்தின் பெயர் இடம்பெறாவிட்டால், பட்டதாரி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். ஆகவே முன்மொழிவு மூதவைக்குப் போகும் முன்னரே அத்திணைக்களங்களுக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு இருபது பேரைச் சேர்ப்பது போதும். எண்ணிக்கையைக் கூட்டுவது மேலிருந்து வரும் அழுத்தமாக இருக்கும், அதற்கு இணங்குவதே இத்தகைய பட்டங்களைக் கெடுக்கும் முதற்காரணம்.

இவை அனைத்தும் கைகூடச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. இயங்கிவரும் பட்டங்களுக்குள் ஒரு விருப்பப் பாடத்தைச் சேர்ப்பதற்குப் புதிய ஆளணி வேண்டியதில்லை. பெரும்பாலும் பீடச் சபையும் மூதவையும் இணங்கினால் போதும். விலங்கியல், விவசாயம், புவியியல் மாணவருக்குப் பொதுவாக, மூன்று அலகு கொண்ட மட்டக்களப்பு வாவி என்ற பாடத்தை ஒக்டோபரில் தொடங்கி, முகத்துவாரம் பற்றிய பேச்சு சூடுபிடிக்கும் மாதங்கள் முழுவதும் நடத்தலாம். கணக்கின்படி அது 150 மணி நேரம். அதில் மூன்றிலொரு பங்கை வந்தாறுமூலையில் வைத்து, மீதியைச் செட்டிபாளையத்தின் கிணற்றடிகளிலும் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குச் செல்லும் துறையிலும் பாலமீன்மடுவிலும் வைக்கலாம். கிணற்று நீரின் உப்பை அளந்த பதிவேட்டை முதலாம் தொகுதி மாணவர் இரண்டாம் தொகுதியிடம் ஒப்படைக்கலாம். தேர்வுத் தாளின் ஒரு பகுதியை விரிவுரையாளரும் மறுபகுதியை வாவி மீனவர் ஒருவரும் அமைக்கலாம். அம்மீனவருக்குரிய கொடுப்பனவை எந்தக் கணக்குத் தலைப்பில் பதிவது என்று நிதியாளர் கட்டாயம் கேட்பார். வருகை விரிவுரையாளர் என்ற தலைப்பு ஏற்கெனவே இருக்கிறது.